இருபதாவது கட்டம்

என் தையல் மெஷினின் வலது பக்கத்தில் இழுத்துத் திறக்கிற ஒரு சின்ன லாச்சி உண்டு. பொபின்கள், துணியில் கோடு போடும் சோக்குத் துண்டுகள், முறிந்த ஊசிகள், அளவு நாடா எல்லாம் அதற்குள்தான். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குச் சிறுத்துப்போன ஒரு துணித்துண்டு இருபத்திரண்டு வருடங்களாகக் கிடந்தது. கத்தரிப்பூ நிறம். அதில் கடுகு தெளித்ததுபோல மஞ்சள் புள்ளிகள். விரித்தால் பதினாலு அங்குலச் சதுரம். நாலு ஓரத்திலும் தையல் பிரித்த ஊசித்துளைகள் இன்னும் வரிசையாகத் தெரியும். லாச்சியை வருடத்துக்கு ஒரு தடவை, தீபாவளித் தையல் எல்லாம் முடிந்த பிறகு கவிழ்த்துத் துடைப்பேன். அப்போது அதை எடுத்து வெளியே வைப்பேன். துடைத்து முடித்ததும் மறுபடி முதல் ஆளாக அதை உள்ளே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அதன் மேல் கொட்டுவேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. இலங்கை மலையகத்தில் கொட்டகலை பஜாரில் ஒரு புடவைக் கடையின் முன் விறாந்தையில் மெஷின் போட்டு உட்கார்ந்து முப்பது வருடம் ஆகிறது. பேச்சு எனக்கு வராது. அளவெடுக்கும்போதுகூட ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், நாடாவைத்தான் பார்ப்பேன். 'டெய்லர் நல்ல மனுஷன், வாயே தொறக்க மாட்டாரு' என்று சொல்வார்கள். வாய் திறக்காதது நல்ல குணம் என்று நானும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அப்போது ஓர் ஆயாம்மா இருந்தார். அம்மாமார் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலையில் ஏறினால், அவர்களுடைய கைக்குழந்தைகளும் நடை பழகும் பிள்ளைகளும் மாலை வரை அந்தக் காம்பராவில்தான். ஆயாம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெரிய தொண்டை. இடுப்பில் ஒன்று, காலைப் பிடித்துக்கொண்டு ஒன்று, கையில் கஞ்சி அகப்பை, இப்படித்தான் எப்போதும் அவரைப் பார்த்திருக்கிறேன். என் மகளும் மூன்று வயது வரை அவர் கையில்தான் இருந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் அவர் பஸ்ஸில் பஜாருக்கு வந்து இறங்கினார். தலையில் பெரிய மூட்டை. என் மெஷின் முன்னால் பொத்தென்று போட்டார். "உள்ள ஆளு இருக்கான்னு கேக்குறான் தம்பி, கண்டக்டரு. இருக்கான், இருவது பேரு, டிக்கெட்டு கிழின்னு சொன்னேன். பேசாமப் போயிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். மூட்டையைப் பிரித்தால் பஞ்சு அடைத்துத் தைத்த கனத்த போர்வை. பங்களாவில் துரையோடு இருந்த துரைசாணி ஊருக்குத் திரும்பும்போது கழித்துப் போட்டது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். மேல்துணி இரண்டு இடத்தில் கிழிந்து, உள்ளே பஞ்சு கட்டி கட்டியாக ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. ஆனாலும் கையை உள்ளே விட்டால் அடுப்போரத்தில் விட்டதுபோல ஒரு சூடு.

நடக்கிற பிள்ளைகள் மத்தியானம் தரையில் பாய் போட்டு ஒன்றாகப் படுப்பார்கள். அந்தக் குளிருக்கு இதைவிட நல்ல சாமான் கிடைக்காது. ஆனால் பிள்ளைகள் படுத்தால் நனைக்கும். எங்கள் பக்கத்து மழைக்காலத்தில் ஒரு சட்டை காயவே மூன்று நாள் ஆகும். இதை நனைத்தால் பத்து நாளானாலும் காயாது, நாறிப்போகும். அதனால் கழற்றித் துவைக்கிற மாதிரி ஓர் உறை வேண்டும் என்றார். வெறும் துணியில் உறை தைத்தால் அது வழுக்கும், பஞ்சும் மறுபடி ஒதுங்கும். உறையே கொஞ்சம் கனமாக, உள்ளே ஃபிளானல் வைத்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டியதாக இருந்தால்தான் நிற்கும் என்று நான் சொன்னேன். எனக்கு அவ்வளவு பேச்சு வந்தது அந்த வேலையின் மேல் வந்த ஆசையால்தான்.

மேல்பக்கத்துக்கு என்ன துணி என்று கேட்டேன். அதை அவர் வரும்போதே யோசித்து வந்திருந்தார். "இருவது வீட்டுலயும் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கியாறேன். தொட்டி கட்டுற சீலையில இருந்து. அம்மா சீலை மேல கெடந்தா அதுங்க அழாமத் தூங்கும். பாரு நீ." எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாயும் தன் சீலையிலேயே பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவாள். பிள்ளைக் காம்பராவிலும் அப்படித்தான். கூரை இரும்பில் அவரவர் சீலை தொங்கும், அவரவர் பிள்ளை அதில் ஆடும். போகும்போது திரும்பிப் பார்த்து, "பட்டன் வைக்காதப்பா. பிச்சு முழுங்கிரும்ங்க" என்றார். அதனால் வாயை மூட நாடாவும், போர்வை உள்ளே நகராமல் கட்ட நாலு மூலையில் நாலு நாடாவும் வைப்பதாக முடிவு செய்தேன்.

ஒரு வாரத்தில் இருபது துண்டும் வந்தன. பிஸ்கட் பெட்டி அட்டையில் பதினாலு அங்குலச் சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, அதன்படி எல்லாவற்றையும் வெட்டினேன். அகலத்துக்கு நாலு, நீளத்துக்கு ஐந்து. பெரும்பாலும் சாயம் போன சீலைகள். கத்தரிப்பூ நிறத் துண்டு மட்டும் புதுசு. "இது கீழ் லயத்துப் புள்ள குடுத்தது. புதுச் சீலைம்மா, இதப் போயி கிழிக்காதன்னேன். கேக்கல. அவ புள்ளயோடது பளிச்சுன்னு தெரியணுமாம்" என்று ஆயாம்மா சொன்னார். சரிவுக்குக் கீழே இருக்கிற வரிசை வீடுகள்தான் கீழ் லயம்; தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கக்கூசும் சாக்கடைக் கானும் சுத்தம் செய்கிற வாசக்கூட்டிக் குடும்பங்கள் அங்கேதான் இருந்தன. அந்தப் பெண்ணின் புருஷனும் அந்த வேலைதான். அவள் மற்றப் பெண்களோடு கொழுந்து பறித்தாள். ஆனால் மலையில் தண்ணீர் குடிக்கும்போது தள்ளித்தான் உட்காருவாள்.

நான் அந்தத் துண்டை இரண்டாவது வரிசையில் நடுவே வைத்துத் தைத்தேன். வேறு காரணம் இல்லை. அங்கே அந்த நிறம் நன்றாக இருந்தது. இருபதும் சேர்ந்து மேல்பக்கம் முழுதாக மேசையில் விரிந்து கிடந்த அன்றுதான் எங்கள் தோட்டத்துக் கங்காணி வீட்டம்மா, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தார். தன் சீலைத்துண்டைத் தேடிப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் இருந்ததைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி, "இது கீழ் லயத்துதுல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "நம்ம சீலையோட சேத்தா தைக்கிறீங்க? ம்... ஒங்க இஷ்டம் டெய்லர்." அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. ரவிக்கையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். 'புள்ளைங்க ஒண்ணாத்தானே படுக்குதுங்க' என்று சொல்லியிருந்தால் போதும். அப்போது நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அவர் போன பிறகு, அந்தத் துண்டைப் பிரித்து ஒரு மூலைக்கு மாற்றிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். கட்டம் கட்டமாகத் தைத்ததில் யாருக்கும் பக்கத்தில் இல்லாத இடம் என்று ஒன்று இல்லை. மூலையில் வைத்தாலும் இரண்டு வீட்டைத் தொடும். அந்த இரண்டு வீட்டாரும் கேட்டால் என்ன செய்வது? அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன், கடைசியில் பிளேடை எடுத்தேன். நாலு பக்கத் தையலையும் ஒரு நூல்கூட இழுபடாமல் பிரித்தேன். நான் அவ்வளவு சுத்தமாக எதையும் பிரித்ததில்லை. அந்த இடத்தில், யாருக்கோ ஜன்னல் திரை தைத்ததில் மிஞ்சிய மண்நிறத் துணியை வெட்டி வைத்தேன். எந்த வீட்டுத் துணியும் இல்லை அது.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் புடவைக் கடை முதலாளி வீட்டில் எனக்கென்று ஒரு தனி டம்ளர் இருந்தது. பின்வாசல் திண்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். தேத்தண்ணி குடித்ததும் நானே கழுவி அங்கே கவிழ்க்க வேண்டும். அதைக் கழுவும்போதெல்லாம் என் காது சுடும். அப்படிப்பட்டவன்தான் இதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் நனைந்த தலையோடு பிள்ளைகளை எடுக்க வந்திருந்தார்கள். ஆயாம்மா போர்வையை உள்ளே விட்டு, நாடாக்களைக் கட்டி, பாயின் மேல் உதறி விரித்தார். ஒரே சத்தம். அவரவர் துண்டைக் கண்டுபிடித்துப் பிள்ளையின் விரலைப் பிடித்து வைத்து, "இந்தா, இதுதான் ஒன்னோடது" என்று காட்டினார்கள். "அடியே, ஒன் சீலையில என்ன, கறிக்கொழம்புக் கறை போகவே இல்லையே!" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள். என் மனைவியின் நீலத் துண்டின் மேல் என் மகள் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கீழ் லயத்துப் பெண் கடைசியாக வந்தாள். இடுப்பில் மகள். கதவோரம் நின்றபடியே கட்டங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாக. பிறகு மறுபடியும் மேலிருந்து. அந்தச் சின்னப் பெண் கையை நீட்டி, "நம்மளது எங்கம்மா?" என்றாள். ஆயாம்மாவும் அப்போதுதான் கவனித்தார். "தம்பி, அந்தக் கத்தரிப்பூ எங்கப்பா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணி வீட்டம்மாவும் பார்த்தார். எப்போதும் வராத வாய் அன்றைக்கு உடனே வந்தது. "அது நைஞ்சு போயிருந்துச்சு ஆயாம்மா. ஊசி பட்டாக் கிழியுது. தையல் நிக்கல."

புதுச் சீலை. அதைச் சொன்னபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. "சரிங்கண்ணே" என்றாள். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அவ்வளவு பேசுகிற ஆயாம்மா, ஓரத்தில் மடங்கியிருந்த உறையைக் காலால் நேராக்கினார். "தேத்தண்ணி இருக்கு. குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஆயாம்மா என்னிடம் வந்தார், தைக்கக் கொடுத்தார், கண்டக்டர்களைப் பற்றிச் சிரித்தார். அந்தத் துண்டைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் லாச்சியைத் திறந்து காட்டிவிடலாம் என்று இருந்தேன். கேட்காதவரிடம் எப்படிக் காட்டுவது? மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது தோட்டமே கூடியது. நானும் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். கீழ் லயத்துப் பெண் மட்டும் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு நூல் துணிகூட என்னிடம் தைக்கக் கொடுக்கவில்லை. ரவிக்கைத் துணியைப் பையில் வைத்துக்கொண்டு என் மெஷினைக் கடந்து போய், அடுத்த டவுனுக்குப் போகிற ஹட்டன் பஸ்ஸில் ஏறுவாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஹட்டனில் நன்றாகத் தைப்பார்கள் என்று போகிறாள், என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அந்தப் போர்வை மறுபடி என்னிடம் வந்தது. பிள்ளைக் காம்பராவுக்கு இப்போது வேறு பெயர். புதுப் பலகை, சுவரில் முயல் படம். அங்கே பொறுப்பாக இருக்கிற மிஸ் ஓட்டோவில் கொண்டு வந்தார். "உறை நைஞ்சு போச்சு அங்கிள். போர்வை இன்னும் நல்லா இருக்கு. அதே மாதிரி ஒண்ணு தச்சுத் தாங்க" என்றார். அவர் போனதும் பிரிக்க வேண்டுமென்று உறையின் வாயில் கையை விட்டு உள்பக்கம் வெளியே வரப் புரட்டினேன்.

ஃபிளானலின் மேல், இரண்டாவது வரிசையில், நான் வைத்த மண்நிறத் துணிக்கு நேர் பின்னால், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது. இருபத்திரண்டு வருடத் துவைப்பில் வெளுத்து, மஞ்சள் புள்ளி தேடினால்தான் தெரிந்தது. கையால் தைத்தது. மிச்சச் சீலை அவளிடம்தானே இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. தைக்கிறவனுக்குக் கையெழுத்துப்போலத் தையலும் தெரியும். இரண்டு ஓரம் நெருக்கமான சின்னத் தையல். அது ஆயாம்மாவின் கை, குழந்தைச் சட்டைகளில் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டு ஓரம் நீள நீளமாக, கோணல் கோணலாக, ஊசி பிடித்துப் பழகாத கை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். மேலே தெரியாத பக்கத்தில், ஆனால் இருபது கட்டத்துக்குள். அப்படியென்றால் அவளுக்கு எல்லாம் தெரியும். ஹட்டன் பஸ் எதற்கென்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் மெஷினை மிதிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்துக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தப் படியில் இறங்கியது அதுதான் முதல் தடவை. வெளுத்த துண்டை ஃபிளானலோடு வெட்டி எடுத்திருந்தேன். லாச்சித் துண்டும் பையில் இருந்தது. அவள் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்றாள். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். "சீலை நைஞ்சு போகல தங்கச்சி."

"எனக்குத் தெரியாதா? நான் கட்டுன சீலைதானே" என்றாள். பிறகு விறகை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ஆயாம்மா அன்னைக்கே இங்க வந்தாங்க. அவன் கெட்டவன் இல்லம்மா, பயந்தவன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க ஆயாம்மான்னு சொன்னேன்."

இரண்டு துண்டையும் எடுத்து நீட்டினேன். புது உறையில் மேல்பக்கம், நடுவிலேயே வைத்துத் தருகிறேன், உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று வந்தேன் என்றேன். அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வெளுத்த துண்டை மட்டும் எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இது புள்ளைங்க படுத்தது. இத வைக்கலாம். ஆனா நீங்க தைக்க வேணாண்ணே. எம் மக இப்ப கொழும்புல கார்மென்ட்ஸ்ல தைக்கிறா. தீவாளிக்கு வருவா. அவ கையால வைக்கட்டும். நீங்க எடத்த மட்டும் விட்டு வைங்க." லாச்சியில் கிடந்த துண்டை அவள் தொடவில்லை. புதுசுபோலவே பளபளவென்று என் கையில் இருந்தது. "அது ஒங்ககிட்டயே இருந்தது. நீங்களே வச்சுக்குங்க" என்றாள்.

புது உறை இப்போது என் மேசையில் கிடக்கிறது. பழைய கட்டங்களில் பதினொன்று தாங்கும் என்று தெரிந்தது. மற்ற எட்டுக்கு இப்போதுள்ள பிள்ளைகளின் வீட்டிலிருந்து மிஸ் துண்டுகள் வாங்கித் தந்தார். பத்தொன்பதும் தைத்தாயிற்று. இரண்டாவது வரிசை நடுவில் ஃபிளானல் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த வழியாக வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். போன வாரம் கங்காணி வீட்டம்மாவும் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "என்ன டெய்லர், ஒண்ணு விட்டுப் போச்சே?" என்றார். "அது கீழ் லயத்து வீட்டுதுங்க. அவங்க மக வந்து வைப்பாங்க" என்றேன். காது கேட்காமல் "ஆங்?" என்றார். இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்குள் இருந்த முதலாளிக்கும் கேட்டிருக்கும். "ஓ, அந்தப் புள்ளயா? நல்ல புள்ளதான். போன தடவ வந்தப்ப பஸ்ஸுல எந்திரிச்சு எனக்கு எடம் குடுத்துச்சு" என்று சொல்லிவிட்டு, தன் ரவிக்கையின் கை இறுக்கமாக இருப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பழைய பேச்சு எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. அவ்வளவுதானா அது, என்று எனக்கு இருந்தது. அதற்கா நான் அவ்வளவு பயந்தேன்.

லாச்சியில் அந்தத் துண்டு மறுபடி இருக்கிறது. இந்தத் தடவை அடியில் வைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிறது. சோக்கு எடுக்க வேண்டுமென்றாலும், ஊசி எடுக்க வேண்டுமென்றாலும், அதைத் தூக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உறை எப்போது தருவீர்கள் என்று மிஸ் நேற்றும் கேட்டார். ஒரு கட்டம் பாக்கி என்றேன்.